கோத்தகிரித் தேயிலைத் தொழிற்சாலையில் மெய்நிகர் ஃபயர்வால்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரி வட்டத்தில் இயங்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், லினக்ஸ் ஹைப்பர்வைசர் (ஒரே கணினிக்குள் பல மென்பொருள் கணினிகளை ஓட்டும் அமைப்பு) ஒன்றின் மேல் மெய்நிகர் ஃபயர்வால் (வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் சலிக்கும் காவல் மென்பொருள்) நிறுவிய பணியை இங்கே பதிவு செய்கிறேன். நிறுவ ஒரு பகல் போதுமானதாக இருந்தது. நிறுவியதை நம்பி விட்டுவிட்டு வரலாம் என்ற நிலைக்கு அதைக் கொண்டுவர நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களில் நேர்ந்த மூன்று பெரிய கோளாறுகளும், ஹோஸ்ட் எனப்படும் லினக்ஸ் கணினியும் அதன் மேல் ஓடும் ஃபயர்வாலும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நேர்ந்தவை. ஆகவே இரண்டில் ஏதேனும் ஒன்றன் கையேட்டை மட்டும் படித்து அவற்றைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தொழிற்சாலையின் பெயரையும் இணையச் சேவை தந்தவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்; கோளாறுகளில் பெரும்பகுதி என் அமைப்பால் வந்தவை.

சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் தயாரிக்கும் தொழிற்சாலை அது. ஊர்களில் உள்ள கொள்முதல் மையங்களில் தராசு காட்டும் எடை, அங்குள்ள கருவியிலிருந்து இணையம் வழியாகக் கணக்குக் கணினிக்கு வந்து சேர்கிறது. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பச்சை இலை விலையைப் பார்த்து, ஒவ்வொருவரின் எடைக்கும் உரிய தொகை வங்கிக்குப் போகிறது. குன்னூர் ஏலம் மின்னணு முறையில் நடப்பதால் தூளை விற்கவும் இணையம் வேண்டும். இவ்வளவும் வீட்டு உபயோகத்துக்கான ஒரு சிறு ரவுட்டரின் பின்னால், ஒரே வலையமைப்பில், கணக்குக் கணினியும் கேமராக்களும் வந்து போகிறவர்களின் செல்பேசிகளும் கலந்து கிடக்க, பல ஆண்டுகளாக நடந்துவந்தது.

என்னை அழைத்ததற்குக் காரணம் கேமராப் பதிவுக் கருவி. வீட்டிலிருந்தபடியே தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும் என்று முன்பு யாரோ அதற்கு வெளியுலகிலிருந்து ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தார்கள். கடவுச்சொல்லோ கருவி வாங்கியபோது இருந்ததே. நான் பார்த்த அன்று அந்தக் கருவி, யாரும் கேட்காமலே, தெரியாத முகவரிகளுக்கு ஓயாமல் இணைப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு சுவிட்ச் துளைகள் தள்ளி, ஆயிரக்கணக்கான விவசாயிகளின் எடைக் கணக்கும் வங்கி விவரங்களும் இருந்த கணினி.

ஏன் மெய்நிகர்

ஃபயர்வாலைத் தனிக் கருவியாக வாங்கலாமே என்ற கேள்வி நியாயமானது. பெரிய நிறுவனமாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இங்கே கணக்குக் கணினியும் மாற்றப்பட வேண்டிய வயதில் இருந்தது. அதைத் திறந்து பார்த்தபோது, விசிறியிலும் வெப்பத் தகடுகளிலும் பழுப்புப் பஞ்சு போல ஒன்று அப்பிக் கிடந்தது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி முறையில் தயாரான தூளைச் சலிக்கும்போது பறக்கும் தேயிலை நார்தான் அது. சலிப்பறை கட்டடத்தின் மறுகோடியில் இருந்தாலும் அலுவலகம் வரை வந்துவிடுகிறது. விசிறியே இல்லாத, நான்கு இன்டெல் நெட்வொர்க் துளைகள் கொண்ட, 16 ஜிபி நினைவகமுள்ள ஒரு சிறு கணினியை வாங்கி, கணக்கையும் ஃபயர்வாலையும் அதற்குள்ளேயே இரண்டு விர்ச்சுவல் மெஷின்களாக (மென்பொருளாலான கணினிகளாக) வைப்பது என்று முடிவு செய்ததற்கு அந்த நாரும் ஒரு காரணம்.

மற்றொரு காரணம் மலைப்பாதை. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. 2009 நவம்பரில் நேர்ந்த மண்சரிவுகளை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. மேட்டுப்பாளையம் சாலை ஒரு நாள் அடைபட்டால் கோயம்புத்தூரிலிருந்து மாற்றுக் கருவி வராது. ஃபயர்வால் ஒரு கோப்பாக இருந்தால், அலுவலகத்தில் உள்ள வேறு ஏதேனும் ஒரு கணினியில் இரண்டாவது நெட்வொர்க் அட்டையைச் செருகி, அந்தக் கோப்பை அங்கே எடுத்துப் போட்டு ஓட்டிவிடலாம். நெட்வொர்க் அட்டையை விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாக ஒப்படைக்கும் பிசிஐ பாஸ்த்ரூ முறையைத் தவிர்த்ததும் இதே எண்ணத்தில்தான். அம்முறையில் வேகம் கூடும். ஆனால் அந்த ஃபயர்வால் அந்த அட்டையோடு கட்டுண்டுவிடும்.

இதற்கு எதிரான வாதத்தையும் குறைத்துச் சொல்லக் கூடாது. உலகத்திலிருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) ஃபயர்வாலை எட்டும் முன்பே ஹோஸ்டின் இயக்க அமைப்பு மையமான கெர்னலைக் கடக்கிறது. விர்ச்சுவல் மெஷினிலிருந்து ஹோஸ்டுக்குள் தாவ வழி தரும் பிழைகளும் உண்டு. 2015இல் வெளியான ‘வெனம்’ என்ற பிழை, விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கியூஈமு மென்பொருளில் யாரும் பயன்படுத்தாத ஃப்ளாப்பி கட்டுப்படுத்தியின் நிரலில் இருந்தது. ஃப்ளாப்பியே இணைக்கப்படாத மெஷின்களும் அதற்கு இலக்காகக்கூடியவையாக இருந்தன. ஒலி அட்டை போன்ற தேவையற்ற கருவிகளை நான் மெஷின் வரையறையிலிருந்து நீக்கியதும், ஹோஸ்டில் வேறு எந்தச் சேவையும் ஓடக் கூடாது என்று நிபந்தனை வைத்ததும் அதை நினைத்துத்தான். கேமராப் படங்களை ஆராயும் ஒரு மென்பொருளை, மென்பொருள்களைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் டாக்கர் வழியாக ஹோஸ்டிலேயே ஓட்டலாம் என்று ஒருவர் கேட்டபோதும் மறுத்தேன். டாக்கர், பிரிட்ஜ் (ஹோஸ்டுக்குள் இருக்கும் மெய்நிகர் சுவிட்ச்) வழியாகச் செல்லும் பாக்கெட்டுகளையும் ஹோஸ்டின் வடிகட்டிக்குள் இழுத்துவிடும். கடந்து செல்பவற்றை மறுப்பதையே இயல்பாகவும் ஆக்கிவிடும். அப்போது விர்ச்சுவல் மெஷின்களின் போக்குவரத்து காரணம் தெரியாமல் நின்றுபோகும்.

அமைப்பு

ஹோஸ்டில் டெபியன் லினக்ஸும், மெஷின்களை ஓட்டும் கேவிஎம்மும், அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட்டும். கேவிஎம் 2007இல், 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலின் பகுதியாகவே இருப்பதால் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஃபயர்வால், மற்றொரு இயக்க அமைப்பான ஃப்ரீபிஎஸ்டியின் மேல் கட்டப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. எம்0என்0வால் என்ற ஃபயர்வாலிலிருந்து 2004இல் பிஎஃப்சென்ஸும், அதிலிருந்து 2015 ஜனவரியில் ஓபிஎன்சென்ஸும் கிளைத்த குடும்பம் அது. இவற்றின் உள்ளே பாக்கெட்டுகளைச் சலிக்கும் பிஎஃப், ஓபன்பிஎஸ்டியில் 2001இல் பிறந்தது. இந்த வம்சாவளியை இங்கே சொல்லக் காரணம் உண்டு: கீழே இருப்பது லினக்ஸ், மேலே இருப்பது ஃப்ரீபிஎஸ்டி. இரண்டும் விர்ட்டியோ என்ற மெய்நிகர் நெட்வொர்க் அட்டையின் வழியாகப் பேசிக்கொள்கின்றன. முதல் கோளாறு அந்தப் பேச்சில்தான் இருந்தது.

நான்கு துளைகளில் முதலாவது ஃபைபர் கருவிக்கு. அதைப் பாக்கெட்டுகளை அப்படியே கடத்தும் வெறும் பிரிட்ஜாக மாற்றி, இணையச் சேவைக்குள் பயனர்பெயரோடு நுழையும் பிபிபிஓஈ இணைப்பை ஃபயர்வாலே எடுக்கும்படி வைத்தேன். இரண்டாவது, ஃபைபர் அறுந்தால் கைகொடுக்கும் 4ஜி ரவுட்டருக்கு. மூன்றாவது அலுவலகச் சுவிட்சுக்கு. அதன் ஒரே கேபிளில் அலுவலகம், கேமரா, விருந்தினர் என மூன்று விலான்கள் (தனித்தனி மெய்நிகர் வலையமைப்புகள்). நான்காவது துளை ஹோஸ்டுக்கே உரியது. மடிக்கணினியைச் செருகி ஹோஸ்டை அணுக மட்டும். முதல் மூன்றுக்கும் ஹோஸ்டில் ஒவ்வொரு பிரிட்ஜ். கணக்கு மெஷினுக்கு, எந்தத் துளையோடும் சேராத நான்காவது ஒரு பிரிட்ஜ், பெட்டிக்கு உள்ளேயே. அதன் மறுமுனை ஃபயர்வாலில். அலுவலகக் கணினி எதுவும் ஃபயர்வாலைக் கடக்காமல் கணக்கைத் தொட முடியாது. கொள்முதல் மையங்கள் விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனிவழியாக மட்டும் வரும். ஃபயர்வாலுக்கு 2 சிபியூ, 4 ஜிபி நினைவகம். விபிஎன்னின் மறையாக்கத்துக்கு உண்மைச் சிபியூவின் ஏஈஎஸ் வசதி மெஷினுக்குள்ளும் தெரியும்படி அமைத்தேன்.

நெட்வொர்க் அட்டைகளின் வரிசையை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி அவற்றை மெய்நிகர் பிசிஐ முகவரி வரிசைப்படி எண்ணிடுகிறது. பின்னாளில் ஒரு அட்டையைச் சேர்க்கும்போது அது நடுவில் புகுந்தால், வெளிப்பக்கம் உள்பக்கமாகவும் உள்பக்கம் வெளிப்பக்கமாகவும் மாறிவிடக்கூடும். ஒவ்வொன்றின் அடையாள எண்ணான மேக் முகவரியையும் பிசிஐ முகவரியையும் வரையறையிலேயே எழுதிவைத்துவிட்டேன்.

ஆடி மாத இறுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ரவுட்டரைக் கழற்றினோம். மறுநாள் சில இணையப் பக்கங்கள் பாதியில் நின்றன. பிபிபிஓஈ எட்டு பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் ஒரு பாக்கெட் 1500 பைட்டுகளுக்குப் பதில் 1492தான் கொள்ளும் என்பதை அமைத்து, இணைப்பு வைத்துத் தரவு அனுப்பும் டிசிபி நெறிமுறையின் துண்டளவை 1452 ஆக்கியதும் சரியாயிற்று. இது எந்த ஃபயர்வாலிலும் நேரக்கூடியது.

பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை

கணக்கு மெஷினை நகர்த்திய அன்று மாலை, கணக்குப் பிரிவின் பொறுப்பாளர் தொலைபேசியில் சொன்னது இது: “சார், நீங்க சொன்ன மாதிரி பிங் அடிச்சுப் பார்த்தேன், நல்லா போகுது. ஆனா கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு, திறக்கவே இல்ல.”

பிங் என்பது மறுமுனை விடை தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை. அது போவதால் வழி சரியாக இருக்கிறது, ஆகவே ஃபயர்வால் விதியில்தான் பிழை என்று எண்ணி, ஒன்றரை மணி நேரத்தை விதிகளில் செலவழித்தேன். எல்லாவற்றையும் அனுமதிக்கும் விதியைத் தற்காலிகமாக மேலே வைத்தும் மாற்றமில்லை. ஃபயர்வாலின் பதிவேட்டில் ஒரு மறுப்பும் இல்லை. அதன் பிறகு, எது நடக்கிறது எது நடக்கவில்லை என்று தாளில் எழுதிப் பார்த்தேன். அலுவலகக் கணினிகளிலிருந்து இணையம்: நடக்கிறது. கணக்கு மெஷினிலிருந்து ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கம்: திறக்கிறது. கணக்கு மெஷினிலிருந்து பெயர்த் தேடல்: ஃபயர்வாலே விடை தருவதால் நடக்கிறது. கணக்கு மெஷினிலிருந்து ஃபயர்வாலைக் கடந்து அலுவலகத்துக்கோ இணையத்துக்கோ போகும் டிசிபி: ஒன்றும் நடக்கவில்லை. அதாவது, பெட்டிக்குள்ளேயே பிறந்த பாக்கெட் ஃபயர்வாலில் முடிந்தால் நலம். ஃபயர்வாலைக் கடந்தால் மறைந்துபோகிறது. கேபிளில் வந்த பாக்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

காரணம் செக்சம். ஒவ்வொரு டிசிபி பாக்கெட்டும், வழியில் சிதையவில்லை என்று காட்ட, ஒரு கூட்டுத்தொகையைச் சுமக்கிறது. அதைக் கணக்கிடும் வேலையை இயக்க அமைப்பு பெரும்பாலும் நெட்வொர்க் அட்டைக்குத் தள்ளிவிடும். கணக்கு மெஷினின் அட்டையோ மெய்நிகர். பாக்கெட் நினைவகத்தின் ஒரு இடத்திலிருந்து மற்றொரு இடத்துக்குப் போவதால் கம்பியே இல்லை, சிதைய வழியும் இல்லை. எனவே லினக்ஸ் கூட்டுத்தொகையை முழுதாகக் கணக்கிடாமல், “இது இன்னும் முடிக்கப்படவில்லை” என்ற குறிப்போடு ஃபயர்வாலுக்குக் கொடுக்கிறது. அது தவறல்ல, விர்ட்டியோ அனுமதிக்கும் சிக்கனம். ஃபயர்வாலில் உள்ள ஃப்ரீபிஎஸ்டி அந்தக் குறிப்பை “சரிபார்க்கப்பட்டது” என்று எடுத்துக்கொள்கிறது. தனக்கு வந்த பாக்கெட்டானால் அத்தோடு முடிந்தது. மறுபுறம் அனுப்ப வேண்டியதானால், முடிக்கப்படாத கூட்டுத்தொகையோடே அதை அனுப்பிவிடுகிறது. கம்பியின் மறுமுனையில் உள்ள கணினி கூட்டிப் பார்த்து, கணக்கு பொருந்தவில்லை என்று ஒரு சொல்லும் சொல்லாமல் எறிந்துவிடுகிறது. பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பியின் கூட்டுத்தொகையை இயக்க அமைப்பே கணக்கிடுவதால் அது மட்டும் தப்பிப் பிழைக்கிறது.

இதை நிரூபிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. அதில் சிக்கி நேரத்தை இழந்தவர்கள் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஹோஸ்டில், கடந்து செல்லும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டினால், கணக்கு மெஷினிலிருந்து வெளியேறும் பாக்கெட்டுகளில் செக்சம் தவறு என்றே காட்டும். ஆனால் எந்த நல்ல கணினியில் ஓட்டினாலும், அனுப்பும் பக்கத்தில் அப்படித்தான் காட்டும். அட்டை பின்னர் கணக்கிடப் போகும் தொகை அப்போது இன்னும் எழுதப்பட்டிருக்காது. ஆகவே அனுப்பும் இடத்தில் பார்த்தது சாட்சியாகாது. வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டும். அலுவலகச் சுவிட்சில் என் லினக்ஸ் மடிக்கணினியைச் செருகி, அதிலிருந்து கணக்கு மெஷினுக்கு இணைக்க முயன்றேன். ஒவ்வொரு முயற்சிக்கும் மடிக்கணினியின் டிசிபி புள்ளிவிவரத்தில் செக்சம் பிழைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அதே வேலை செய்யும் வயர்ஷார்க்கில் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: செக்சம் சரிபார்ப்பு அதில் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும், அதை இயக்காமல் பார்த்தால் எல்லாப் பாக்கெட்டும் நல்லதாகவே தெரியும்.

ஃபயர்வாலின் அமைப்புப் பக்கத்தில் வன்பொருள் செக்சத்தை அணைக்கும் ஒரு பெட்டி உண்டு. அதில் ஒரு குறி போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நான் அதோடு நிற்கவில்லை. பின்னொரு நாள் புதிதாக நிறுவி, பழைய அமைப்பை மீட்கும்போது அந்தக் குறி விட்டுப்போனால், அதே மாலைப் பொழுது மீண்டும் வரும். லிப்விர்ட்டில் மெஷினின் வரையறைக் கோப்பிலேயே, ஒவ்வொரு அட்டைக்கும், செக்சச் சலுகையையும் துண்டாக்கும் சலுகைகளையும் இரு பக்கமும் வழங்க வேண்டாம் என்று எழுதலாம். வழங்கப்படாத சலுகையை ஃப்ரீபிஎஸ்டி தவறாகப் புரிந்துகொள்ள வழியில்லை. கூட்டுத்தொகையைக் கணக்கிடும் கூடுதல் சுமை, 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அந்தச் சிபியூவுக்குத் தெரியவே இல்லை. இந்த மாற்றம் ஃபயர்வாலுக்குள் ரீபூட் செய்தால் நடைமுறைக்கு வராது என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே ரீபூட் ஆகும்போது வெளியே கியூஈமு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மெஷினை முழுதாக நிறுத்தி மீண்டும் கிளப்பினால்தான் புதிய வரையறை படிக்கப்படும்.

ஓடியிருக்கக் கூடாத அப்டேட்

அப்படி ஃபயர்வாலை முழுதாக நிறுத்தியிருந்த நேரத்தில்தான் இரண்டாவது கோளாறு தெரியவந்தது. காத்திருக்கும் வேளையில் ஹோஸ்டின் மென்பொருள்களைப் புதுப்பிக்கலாம் என்று கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டு, தட்டிய பிறகுதான் இப்போது இணையம் இல்லை என்று நினைத்தேன். கட்டளையோ தடையின்றி ஓடி, பட்டியல்களை இறக்கி முடித்தது. ஹோஸ்டின் ஒரே வழி ஃபயர்வால், ஃபயர்வாலோ நின்றிருக்கிறது. வேலை செய்யாத ஒன்றைக் கண்டால் எல்லோரும் தேடுவோம். வேலை செய்யக் கூடாத ஒன்று வேலை செய்வதைக் கண்டால் மகிழ்ந்து கடந்துபோவது எளிது. அன்று கடந்துபோகாமல் இருந்ததற்கு இன்றும் நிம்மதி அடைகிறேன்.

வழி 4ஜி பக்கம் இருந்தது. அந்தப் பிரிட்ஜுக்கு நான் எந்த ஐபி முகவரியும் தரவில்லை. தராதது போதும் என்று நினைத்திருந்தேன். பழைய முகவரி முறையான ஐபிவி4க்கு அது உண்மை. புதிய முறையான ஐபிவி6இல் ரவுட்டர் தானாகவே அறிவிப்புகளை அனுப்பும். அவற்றைக் கேட்கும் லினக்ஸ், யாரும் சொல்லாமலே ஒரு முகவரியை உண்டாக்கிக்கொள்ளும், வெளியே போகும் வழியையும் குறித்துக்கொள்ளும். 4ஜி ரவுட்டர் அறிவித்தது, பிரிட்ஜ் கேட்டது. அப்படியாக, கணக்கையும் ஃபயர்வாலையும் தன்னுள் வைத்திருக்கும் ஹோஸ்ட், உலகம் முழுவதும் செல்லும் ஒரு முகவரியோடு, ஃபயர்வாலுக்கு வெளியே, மூன்று நாட்கள் நின்றிருந்தது. ரவுட்டரின் சொந்தக் காப்பு உள்வரும் இணைப்புகளைத் தடுத்திருந்ததால் பதிவேட்டில் அந்நியர் எவருடைய தடமும் இல்லை. என் அமைப்பு தடுக்கவில்லை என்பதே இங்கு முக்கியம்.

திருத்தியபோதும் முதலில் செய்தது போதாது என்று சற்றுக் கழித்தே புரிந்தது. அந்தப் பிரிட்ஜில் ஐபிவி6ஐ அணைக்கும் வரியை கெர்னல் அமைப்புக் கோப்பில் எழுதினேன். ஹோஸ்ட் தொடங்கும்போது அந்தக் கோப்பு படிக்கப்படும் நேரத்தில் பிரிட்ஜ் இன்னும் பிறந்திருக்காது. இல்லாத ஒன்றுக்குச் சொன்ன கட்டளை காற்றோடு போகும். பிரிட்ஜை உருவாக்கும் அதே கோப்பில், அதற்கு முகவரியே வேண்டாம், ரவுட்டர் அறிவிப்பை ஏற்க வேண்டாம் என்று எழுதிய பிறகே நிலைத்தது. ஃபைபர் பக்கப் பிரிட்ஜுக்கும் அதையே செய்தேன். அதற்கு மேல் ஒரு காப்பாக, ஹோஸ்டின் சொந்த வடிகட்டியான என்எஃப்டேபிள்ஸில், அலுவலகப் பிரிட்ஜிலிருந்தும் நான்காவது துளையிலிருந்தும் வருவதைத் தவிர ஹோஸ்டை நோக்கிய எதையும் ஏற்காதபடி விதி வைத்தேன். இப்போது ஃபயர்வாலை நிறுத்தினால் ஹோஸ்டின் அப்டேட் தோற்கிறது. அந்தத் தோல்வியைச் சோதனைப் பட்டியலில் ஒரு வரியாகவே சேர்த்திருக்கிறேன்.

மின்சாரம் திரும்பிய காலை

ஐப்பசி மழையில் ஒரு நள்ளிரவு, சாலையோரத்துச் சீகை மரம் ஒன்று மின்கம்பிகளின் மேல் சாய்ந்தது. யுபிஎஸ் தன்னால் முடிந்தவரை தாங்கி, அணைந்தது. விடியலில் மின்சாரம் திரும்பியது, பெட்டியின் விளக்குகள் எரிந்தன, இணையம் வரவில்லை. அன்று விவசாயிகளுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நாள். நான் குன்னூரில் இருந்தேன். மரத்தை அறுத்து அகற்றும் வரை சாலை திறக்காது. தொலைவிலிருந்து நுழைய நான் வைத்திருந்த விபிஎன்னோ, நின்றுபோன அந்த ஃபயர்வாலில்தான் முடிகிறது.

பெட்டியோடு ஒரு மானிட்டரும் விசைப்பலகையும் இணைந்தே இருந்ததால், கணக்குப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் வழிநடத்தினேன். ஃபயர்வாலைக் கிளப்பும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

“சார், எரர்னு வருது. ஏதோ ஃபைல் இல்லையாம்.”

“அந்த வரியை அவசரப்படாம முழுசாப் படிங்க மேடம். கடைசியில என்ன பேர் இருக்கு?”

“எம்என்டி, பேக்கப், அப்புறம் உங்க ஃபயர்வால் பேரு… கடைசியில ஐஎஸ்ஓன்னு முடியுது சார்.”

அந்தப் பெயரைக் கேட்டதும் முழுச் சங்கிலியும் விளங்கியது. நிறுவும்போது பயன்படுத்திய குறுந்தகட்டுக் கோப்பை (ஐஎஸ்ஓ) மெஷினிலிருந்து நான் எடுக்கவே இல்லை. அந்தக் கோப்பு ஹோஸ்டின் வட்டில் இல்லாமல், பேக்கப்புக்கான நாஸ் என்ற வலையமைப்புச் சேமிப்புக் கருவியில் இருந்தது. ஹோஸ்ட் அந்த நாஸைப் பெயரால் தேடி இணைக்கிறது. பெயருக்கு விடை சொல்வது ஃபயர்வால். ஃபயர்வால் ஓடாததால் நாஸ் கிடைக்கவில்லை. நாஸ் கிடைக்காததால் கோப்பு இல்லை. இணைக்கப்பட்ட கோப்பு இல்லையென்றால் மெஷினைத் தொடங்க மறுப்பது லிப்விர்ட்டின் இயல்பு. ஆகவே ஃபயர்வால் ஓடவில்லை. நிறுவிய பிறகு எவருக்கும் தேவைப்படாத ஒரு குறுந்தகட்டுக்காகத் தொழிற்சாலை முழுவதும் காத்திருந்தது.

தகட்டை வெளியேற்றும் கட்டளையைச் சொன்னேன், அவர் தட்டினார், மீண்டும் கிளப்பினார், ஐந்து நிமிடத்தில் இணையம் வந்தது. காலை பத்து மணிக்குப் பணம் போயிற்று. கட்டளையில் ஒரு இடைவெளியைக் கூட அவர் தவறவிடவில்லை; அவருடைய பொறுமை இல்லையென்றால் அன்றைய நாள் முழுவதும் போயிருக்கும்.

இது முன்பே ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு விடை எனக்குப் பெருமை தருவதல்ல. ஹோஸ்டை நான் பலமுறை மறுதொடக்கம் செய்து சோதித்திருந்தேன். அவை எல்லாம் பழைய ரவுட்டர் இருந்து, அதுவே பெயர்களுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்த நாட்களில். ரவுட்டரைக் கழற்றிய பிறகு ஃபயர்வாலைப் பலமுறை நிறுத்தித் தொடங்கினேன். ஹோஸ்டை ஒருமுறையும் தொடங்கவில்லை. செக்சத் திருத்தத்தின்போது ஃபயர்வால் சிக்கலின்றிக் கிளம்பியதற்கும் காரணம் அதுதான்: ஏற்கெனவே இணைந்திருந்த நாஸ் அப்போது இணைந்தே இருந்தது.

அதன் பிறகு

அந்த வாரமே சாலை திறந்ததும் போய், ஹோஸ்ட் எழுந்து நிற்க எதையெதை வெளியிலிருந்து வாங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதன் ஐபி முகவரி ஏற்கெனவே நிலையானது. நாஸின் பெயரும் ஃபயர்வாலின் பெயரும் இப்போது ஹோஸ்டின் சொந்தக் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. நாஸ், பேக்கப் எடுக்கும் வேளையில் மட்டும் இணைகிறது. எந்த மெஷினின் வரையறையிலும் நாஸில் உள்ள கோப்பின் பெயர் இல்லை. நேரத்தை இணையத்திலிருந்து சரிசெய்துகொண்டாலும், முதலில் தாய்ப்பலகைக் கடிகாரத்தை நம்பியே எழுகிறது. அந்தப் பலகையின் சிறு பேட்டரியையும் மாற்றினேன். அது செத்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் போனால் ஃபயர்வாலும் அதே தேதியோடு எழும். சான்றிதழ்கள் எதுவும் செல்லாது. பெயர்த் தேடலின் விடைகளைக் கையொப்பம் கொண்டு உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு இயக்கப்பட்டிருந்தால் நேரம் தரும் சர்வரின் பெயரைக் கூடக் கண்டுபிடிக்க முடியாது. குறுந்தகட்டுக் கதையின் மறுவடிவம் அது.

யுபிஎஸ்ஸிலிருந்து ஒரு யுஎஸ்பி கேபிளை ஹோஸ்டுக்கு இழுத்து, யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் ‘நட்’ என்ற மென்பொருளை அமைத்தேன். மின்கலம் தாழும்போது ஹோஸ்ட் இரண்டு மெஷின்களுக்கும் பவர் பட்டனை அழுத்துவது போன்ற சமிக்ஞை அனுப்பி, அவை முறையாக மூடும் வரை காத்திருந்து, பிறகு தானும் மூடுகிறது. பயோஸில் மின்சாரம் திரும்பினால் தானே எழ வேண்டும் என்பது ஏற்கெனவே இருந்தது. அதில் ஒரு நுட்பம் உண்டு: ஹோஸ்ட் மூடிய பிறகும் யுபிஎஸ் உயிரோடு இருந்து, அதற்குள் மின்சாரம் வந்துவிட்டால், கணினியின் பார்வையில் மின்சாரம் போகவே இல்லை, அது எழாது. ஆகவே மூடும் கடைசித் தருணத்தில், சற்று நேரம் கழித்து யுபிஎஸ்ஸும் தன் வெளியீட்டை அணைத்து, மின்சாரம் வந்தபின் மீண்டும் தர வேண்டும் என்ற கட்டளையையும் நட் அனுப்புகிறது.

ஃபயர்வாலின் அமைப்பு, மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பாக எடுக்கப்படுகிறது. மெஷினின் வட்டு, நிறுத்தியிருக்கும்போது நகலெடுக்கப்பட்டு, கணக்கு அறையிலுள்ள மாற்றுக் கணினியில் வைக்கப்படுகிறது. ஓடும்போதே நினைவகத்தோடு சேர்த்து எடுக்கும் ஸ்னாப்ஷாட்டை நான் பயன்படுத்துவதில்லை. அதை மீட்டால் ஃபயர்வால், எப்போதோ முடிந்துபோன இணைப்புகளை உயிருள்ளவை என்று நம்பியபடி, பழைய கடிகாரத்தோடு விழித்தெழும்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு, ஆலை ஓடாத நேரம் பார்த்து, அலுவலகத்தின் மெயின் சுவிட்சை இறக்கினோம். யுபிஎஸ் தாழ்ந்து, எல்லாம் முறையாக மூடியது. அரை மணி கழித்துச் சுவிட்சை ஏற்றினோம். யாரும் எதையும் தொடவில்லை. ஹோஸ்ட் எழுந்து, ஃபயர்வால் எழுந்து, பிபிபிஓஈ இணைந்து, கொள்முதல் மையத்தின் விபிஎன் ஏறி, கணக்கு மென்பொருள் அலுவலகக் கணினியில் திறக்க ஆறு நிமிடங்கள் ஆயின. பிறகு பெட்டியை முற்றிலும் அணைத்துவிட்டு, மாற்றுக் கணினியில் வட்டு நகலை ஏற்றி, கேபிள்களை மாற்றிச் செருகினோம். அதற்கு நாற்பது நிமிடங்கள். அதில் பாதி நேரம், எந்தக் கேபிள் எந்தத் துளைக்கு என்று தேடுவதில் போயிற்று. கேபிள்களுக்கு அன்றே வண்ண நாடா கட்டிவிட்டோம்.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. ஃபயர்வால் நின்றால் நான் தொலைவிலிருந்து ஹோஸ்டை அடைய இன்னும் வழியில்லை. நான்காவது துளையில் ஒரு தனி 4ஜி கருவியை இணைத்து, வயர்கார்ட் என்ற விபிஎன் வழியாக மட்டும் ஹோஸ்டுக்குள் வரலாம். ஆனால் ஹோஸ்டுக்கு ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு வெளியே ஒரு வழி இருக்கக் கூடாது என்று இரண்டாவது கோளாறில் பாடுபட்டு அடைத்ததை, நானே திறப்பதாகும் அது. அந்தக் கருவிக்குச் சாதாரணமாக மின்சாரம் இல்லாமல் வைத்து, தேவைப்படும்போது கணக்குப் பொறுப்பாளர் ஒரு சுவிட்சைப் போட்டால் மட்டும் உயிர்பெறும்படி அமைக்கலாம் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பருவமழைக்கு முன் அதைச் சோதிக்க வேண்டும்.